முப்பத்தைந்து நிமிடங்கள்

லிஃப்ட் பழுதுபார்ப்பவனுக்கு அந்தச் சொல்லே பிடிக்கவில்லை. கவுன்சலிங். படிப்பில் கோட்டை விட்ட பிள்ளைகளுக்கும், குடித்துவிட்டு வீட்டில் கைநீட்டுகிறவர்களுக்கும்தான் அது என்று நினைத்திருந்தான். அவன் குடிப்பதில்லை. மனைவியை ஒரு சுடுசொல் சொன்னதில்லை. ஐந்து வருடமாக அந்த வீட்டில் சண்டை என்று ஒன்று நடந்ததே கிடையாது. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே, "கவுன்சலிங்குக்கு ஒருத்தங்களப் பார்க்க நேரம் வாங்கியிருக்கேன். நீங்களும் வரணும், ரெண்டு பேருமா பேசணும்" என்று அவள் சொன்னபோது அவனுக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை.

"நமக்குள்ள என்ன பிரச்சினை?" என்று கேட்டான்.

அவள் கையிலிருந்த சட்டையை மடித்து முடித்து அடுக்கின் மேல் வைத்தாள்.

"இதுதான்," என்றாள்.

அந்த வீட்டுப் பேச்செல்லாம் கேஸ் தீர்ந்துவிட்டதா, மோட்டார் போட்டாயிற்றா, நாளைக்கு யார் முதலில் வருவது என்பதோடு நின்றுவிடும். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். நாள் முழுக்கக் கண்ணாடிச் சில்லுகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டதா?" என்று முன்பின் தெரியாதவர்களிடம் கேட்டுக்கொண்டே இருப்பாள். வீட்டுக்கு வந்தால் வாய்க்குப் பூட்டு. அவனோ வேலையிடத்தில் பெரிய பேச்சுக்காரன். "நம்ம பொழப்பே ஏத்தமும் எறக்கமும்தான்" என்று அவன் அடிக்கும் கிண்டலில் உடன் வேலை செய்கிறவர்களுக்குக் களைப்பே தெரியாது. ஆனால் வீட்டுக் கதவைத் திறந்ததும் அந்தப் பேச்சுக்காரன் செருப்போடு வாசலிலேயே நின்றுவிடுவான்.

அவனுக்கு ஒரு நெஞ்சடைப்பும் இருந்தது. எந்தக் கட்டிடத்திலாவது குழந்தை அழும் சத்தம் லிஃப்ட் குழிக்குள் இறங்கி வந்தால் போதும், மூச்சு நின்றுவிடுவது போல் ஆகும். மூன்று மருத்துவர்களைப் பார்த்தாயிற்று. இதயம் குதிரை மாதிரி இருக்கிறது என்றார்கள். மூன்றாமவர் மட்டும் சீட்டின் ஓரத்தில் 'மன உளைச்சல்' என்று எழுதி ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். அவன் அதை யாரிடமும் காட்டவில்லை.

நடந்தது இதுதான். ஐந்து வருடத்துக்கு முன் அவள் எட்டு மாதக் கர்ப்பமாக இருந்தாள். முதல் ஸ்கேனில் ஒரு புள்ளி மட்டும் தெரிந்ததால் இருவரும் குழந்தையைப் புள்ளி என்றே கூப்பிட்டார்கள். கைகால் முளைத்து வயிற்றை உதைக்கத் தொடங்கிய பிறகும் பெயர் மாறவில்லை. பெண்தான் என்று அவளாகவே முடிவுகட்டியிருந்தாள். "புள்ளி இன்னிக்கு ஆட்டமா ஆடறா" என்று கடையிலிருந்து போன் செய்வாள். லிஃப்ட் கூண்டின் மேல் நின்றபடி அவன் வாயெல்லாம் பல்லாகக் கேட்பான்.

ஒரு மத்தியானம் கடையிலேயே இரத்தம் போகத் தொடங்கிவிட்டது. நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்துவிட்டது என்றார்கள். அவசர அறுவை சிகிச்சை. குழந்தை உயிரில்லாமல் வெளியே வந்தது. தாயையாவது காப்பாற்ற முடியுமா என்று யாரும் உறுதி சொல்லவில்லை. இரண்டு நாள் மயக்க மருந்திலேயே வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் அவள் கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அடக்கம் செய்ய அவனும் அவன் அக்காவும் மட்டும்தான் போனார்கள்.

"அவ கண்ணுல எதுவும் படக்கூடாதுடா. பார்த்தா தாங்கமாட்டா," என்று அக்கா சொன்னாள். பார்க்க வந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். மறந்துவிடுங்கள், வயதிருக்கிறது, இன்னொன்று பிறக்கும். யார் சொன்னாலும் கேட்டுக்கொள்ளும் நிலையில் அவன் இருந்தான். ஆபத்தான பாகத்தைக் கழற்றி அப்புறப்படுத்துவதுதான் அவனுக்குத் தெரிந்த தொழில். மனைவி வீடு திரும்புவதற்கு முதல் நாள், குழந்தைக்கென்று ஒதுக்கியிருந்த அறையில் தொட்டிலை மரை மரையாகக் கழற்றினான். துணிகளைப் பைகளில் கட்டினான். அவள் தானே தைத்துப் போட்டிருந்த மஞ்சள் திரையை இறக்கினான். எல்லாவற்றையும் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் கொடுத்துவிட்டு, சுவருக்கு வெள்ளை பெயிண்டும் அடித்தான். காலையில் தொடங்கியவன் சாயங்காலத்துக்குள் முடித்துவிட்டான்.

மறுநாள் அவள் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து போய் அந்த அறைக் கதவைத் திறந்தாள். பெயிண்ட் வாசம் அடித்தது. கொஞ்ச நேரம் நின்றாள். கதவைச் சாத்தினாள். "குடிக்கத் தண்ணி கொடுங்க," என்றாள். அதற்குப் பிறகு புள்ளி என்ற சொல் அந்த வீட்டில் யார் வாயிலிருந்தும் வரவில்லை. நல்லவேளை, தாங்கிக்கொண்டாள் என்று அவன் நினைத்தான். ஐந்து வருடமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தான்.

ஆலோசகரின் அறை ஒரு செருப்புக் கடைக்கு மேல், இரண்டாவது மாடியில் இருந்தது. ஒரே உயரத்தில் மூன்று நாற்காலிகள். நடுவில் மேசை கிடையாது. எல்லோர் கண்ணிலும் படும்படி ஒரு சுவர்க்கடிகாரம். ஆலோசகருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கட்டையாக வெட்டிய நரைமுடி, கால்வலிக்காரர்கள் போடும் தடித்த செருப்பு. கையில் பேனா, காகிதம் எதுவுமில்லை. அதுவே அவனுக்குச் சந்தேகமாக இருந்தது.

முதல் நாளே அவர் எல்லாவற்றையும் உடைத்துச் சொல்லிவிட்டார். வாரம் ஒரு முறை, ஐம்பது நிமிடம். இங்கே பேசுவது இந்த அறையைத் தாண்டாது. யார் உயிருக்காவது ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் வேறு பேச்சு. அவர் மாத்திரை தருகிறவர் அல்ல. தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பு சொல்ல மாட்டார். இப்படிச் செய், அப்படிச் செய் என்றும் சொல்ல மாட்டார்.

"அப்புறம் எதுக்கு மேடம் போர்டுல ஆலோசனைன்னு போட்டிருக்கீங்க?" என்று அவன் கேட்டான்.

ஆலோசகர் வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்தில் மனைவியும் சிரித்தது அவன் காதில் விழுந்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று அவனால் கணக்குப் போட முடியவில்லை. அந்தத் தைரியத்தில், எத்தனை தடவை வந்தால் சரியாகும் என்றும் கேட்டான். எது சரியாக வேண்டும் என்று அவர் திருப்பிக் கேட்டார்.

"முன்ன மாதிரி ஆகணும்."

மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆலோசகர் அதைக் கவனித்ததை அவன் கவனித்தான்.

இரண்டாவது வாரத்திலிருந்து ஒரு பயிற்சி. ஒருவர் பேச வேண்டும். மற்றவர் பதில் சொல்லக்கூடாது. கேட்டதை மட்டும் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். கேட்கும்போது சிறுபிள்ளை விளையாட்டாகத்தான் தெரிந்தது. மனைவி, தான் வீட்டுக்கு வந்த அந்த நாளைப் பற்றிப் பேசினாள். வெட்டுக்காயம் வலிக்க வலிக்க நடந்ததைச் சொன்னாள். தொட்டில் இருந்த இடத்தில் தரையில் நான்கு தடங்கள் மட்டும் தெரிந்ததைச் சொன்னாள். முடித்ததும் ஆலோசகர் அவனைப் பார்த்தார்.

"அவளுக்கு நல்லதுன்னு நினைச்சுதான் நான் அப்படி..."

அது பதில் என்றார் ஆலோசகர். அவங்க சொன்னதை மட்டும் சொல்லுங்க.

"நான் தப்புப் பண்ணிட்டேன்னு சொல்றா."

அப்படி அவங்க சொல்லலையே என்றார். அவர் குரலில் கண்டிப்பு இல்லை, அவசரமும் இல்லை. அவனுக்குக் காதெல்லாம் சூடாகியது. அடுத்த வாரமும் அதே கதைதான். வாயைத் திறந்தால் விளக்கம்தான் வந்தது. எட்டுப் பேர் சிக்கிய லிஃப்டை ஒரே ஆளாக இறக்கியவனுக்கு நான்கு வரியைத் திருப்பிச் சொல்ல முடியவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் அவள் பஸ் ஜன்னலைப் பார்த்தபடி வந்தாள்.

நான்காவது வாரம் அவள் மெதுவாகச் சொன்னாள்: "வீட்டுக்குப் போனா அவளோட துணியையாவது மோந்து பார்க்கலாம்னு நினைச்சுட்டே வந்தேன். கதவத் தெறந்தா ஒண்ணுமில்ல. ஆஸ்பத்திரில ஒரு தடவ போனா. அந்த ரூம்ல இன்னொரு தடவ போனா."

அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டான்.

"துணியையாவது மோந்து பார்க்கலாம்னு வந்திருக்க," என்று ஆரம்பித்தான். "கதவத் தெறந்தா ஒண்ணுமில்ல. நம்ம புள்ளி... இன்னொரு தடவ செத்துப்போனா."

தன் வாயாலேயே சொன்ன பிறகுதான் அது அவனுக்குள் இறங்கியது. அவள் சொல்லிக் கேட்டபோது அது குற்றச்சாட்டாக இருந்தது. தான் சொன்னபோது அவளோடு அந்த வாசற்படியில் நின்றுகொண்டிருந்தான். நெஞ்சடைப்பு வந்தது. ஆலோசகர் இரு கால்களையும் தரையில் அழுத்தி வைக்கச் சொன்னார். மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நிதானமாகச் செய்யச் சொன்னார். அடைப்பு அடங்கும் வரை மூவரும் அப்படியே இருந்தார்கள்.

அதற்குப் பிறகு இருவரையும் ஒரு முறை தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்றார் ஆலோசகர். அவன் முறை வந்தபோது வெகுநேரம் வேலைக் கதைகளாகவே பேசிக்கொண்டிருந்தான். அவர் குறுக்கே பேசவில்லை. முக்கால்வாசி நேரம் போன பிறகு, அவளிடம் ஒரு விஷயத்தைச் சொல்லவே இல்லை என்றான். ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் வந்து, பார்க்கிறீர்களா என்று கேட்டாள். ஒரு சின்ன அறைக்கு அழைத்துப் போய்க் குழந்தையை அவன் கையில் கொடுத்தாள். முப்பத்தைந்து நிமிடம் வைத்திருந்தான். அக்காவுக்குக்கூடத் தெரியாது. பத்து மாதம் சுமக்க இருந்தவளுக்கு ஒரு பார்வை கிடைக்கவில்லை. தனக்கு முப்பத்தைந்து நிமிடம் கிடைத்தது. இதை எந்த முகத்தோடு அவளிடம் சொல்வது?

ஆலோசகர் ஐயோ என்று சொல்லவில்லை. கண் கலங்கியிருந்தது, அதை மறைக்கவும் இல்லை.

"எப்படி இருந்தா?" என்று கேட்டார்.

ஐந்து வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. அவன் சொல்லத் தொடங்கினான். பாதியில் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டான். இன்று இவ்வளவு போதும் என்றார் அவர். மனைவியிடம் சொல்வதா வேண்டாமா என்பது அவன் முடிவு, தான் சொல்ல மாட்டேன் என்றார். சொன்னால் கோபப்படலாம். நொறுங்கிப் போகலாம். சொல்லிவிட்டதால் எல்லாம் முன்போல் ஆகிவிடும் என்று மட்டும் எண்ண வேண்டாம் என்றும் ஒளிக்காமல் சொன்னார்.

மூன்று வாரம் அவன் சொல்லவில்லை. நான்காவது வாரம் நாற்காலியில் உட்கார்ந்ததுமே, "நான் புள்ளியத் தூக்கி வச்சிருந்தேன்," என்றான்.

அவள் திரும்பினாள்.

"நீ மயக்கத்துல இருந்தப்போ. முப்பத்தஞ்சு நிமிஷம். உன்கிட்ட சொல்லல."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அவள் நாற்காலியை இழுத்து அவனுக்கு நேரெதிராகப் போட்டுக்கொண்டாள். கடையில் கண் பார்க்க வருகிறவர்கள் எதிரே எப்படி உட்காருவாளோ, அப்படி.

"முடி இருந்துச்சா?"

"நிறைய. ஈரமா, நெத்தியில ஒட்டிட்டு."

"பொண்ணுதானே?"

"பொண்ணுதான். நீ சொன்ன மாதிரியே."

"யார மாதிரி?"

"உன்ன மாதிரி. இடது காது நுனி உனக்கு மடிஞ்சிருக்கில்ல, அதே மாதிரி மடிஞ்சிருந்துச்சு. நகம் வளர்ந்திருந்துச்சு. வெட்டணும்போல இருந்துச்சு. நெத்தியச் சுருக்கிட்டு இருந்தா, நீ லென்சு பார்க்கிறப்ப சுருக்குவியே, அப்படி."

"கண்ணு?"

"மூடியிருந்துச்சு. தெறந்து பார்க்க மனசு வரல."

ஒவ்வொரு கேள்விக்கும் இடையில் அவள் நேரம் எடுத்துக்கொண்டாள். எடை என்ன, கை சூடாக இருந்ததா, எதில் சுற்றியிருந்தார்கள், வலது கையில் வைத்திருந்தானா இடது கையிலா. அவன் ஒன்றையும் மறந்திருக்கவில்லை.

"ஏதாவது பேசினீங்களா அவகிட்ட?"

அவனுக்கு உதடு கோணியது. "அம்மா வந்துருவா, கொஞ்ச நேரம் இருன்னு சொன்னேன். அதையேதான் திருப்பித் திருப்பிச் சொல்லிட்டிருந்தேன். அப்புறம் நர்ஸ் வந்து வாங்கிட்டுப் போயிட்டாங்க."

அவள் குனிந்து முகத்தைத் தன் மடியில் புதைத்துக்கொண்டாள். அந்த அழுகை எங்கிருந்து வந்ததோ, அவள் குரல் போலவே இல்லை. அவன் கையை நீட்டினான். தொடலாமா என்று தெரியாமல் அந்தரத்திலேயே நிறுத்தினான். அவளே அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வெகுநேரம் கழித்து, "ஏதாவது எடுத்து வச்சிருக்கீங்களா? ஒரு துணி, ஒரு போட்டோ?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. ஒண்ணும் வைக்கல. வச்சிருக்கணும். உன்னக் கேக்காம எல்லாத்தையும் தூக்கிக் குடுத்துட்டேன். மன்னிச்சுடு."

அதோடு நிறுத்திக்கொண்டான். உன் நல்லதுக்குத்தான் என்று சேர்க்கவில்லை.

அந்த வாரமே அவளை அடக்கம் செய்த இடத்துக்குக் கூட்டிப் போனான். ஐந்து வருடமும் இருவரும் ஆளுக்கொரு காரணத்துக்காக அந்தப் பக்கமே போனதில்லை. வரிசையையும் எண்ணையும் அவன் தலைக்குள்ளேயே வைத்திருந்தான். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் உட்கார்ந்தாள். அவன் தண்ணீர்ப் புட்டியைத் திறந்து நீட்டினான். வெயில் ஏறும் வரை இருந்தார்கள்.

பிறகு சில வாரங்கள் வீட்டில் பேச்சு இருந்தது. அவள் சாப்பாட்டுத் தட்டோடு அவனெதிரே வந்து உட்கார்ந்தாள். கடைக்கு வந்த ஒரு பெரியவர் எழுத்து தெரியாமலே மனப்பாடமாகப் பலகையை ஒப்பித்த கதையைச் சொல்லிச் சிரித்தாள். புள்ளி இருந்திருந்தால் இந்த வருடம் பள்ளிக்கூடம் போயிருப்பாள் என்று ஒரு நாள் அவள் சொன்னாள். அவளைக் காலையில் எழுப்புவதற்குள் நமக்கு உயிர் போயிருக்கும் என்று அவன் சொன்னான். அவனுக்கு நெஞ்சடைப்பு குறைந்தது. கரை ஏறிவிட்டோம் என்றே நம்பினான். ஒரு விடுமுறை நாளில் அந்த அறைக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று கேட்கவும் கேட்டான். அவள் துணி காயப்போடப் போய்விட்டாள். அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த வாரம் ஆலோசகர் அறையில் அவள் பேசினாள். வேறு ஊரில் ஒரு கண் மருத்துவமனையில் வேலை கிடைத்திருக்கிறது. போகப்போகிறாள். தனியாக.

"உங்க மேல கோபம் இல்ல," என்றாள். "இருந்துச்சு. அன்னிக்கு நீங்க சொன்னப்போ போயிடுச்சு. ஆனா இந்த அஞ்சு வருஷமும் நான் தனியாவே அழுது, தனியாவே எழுந்து பழகிட்டேன். உங்களப் பார்த்தா பாவமா இருக்கு, பாசமா இருக்கு. பொண்டாட்டியா இருக்க முடியல. எவ்வளவோ முயற்சி பண்ணிப் பார்த்துட்டேன்."

அவன் ஆலோசகர் பக்கம் திரும்பினான். "சேர்த்து வைக்கத்தானே மேடம் வந்தோம்?"

அவன் குரல் அந்த அறையில் முதல் முறையாக உயர்ந்தது. அவர் அதை அப்படியே வாங்கிக்கொண்டார். சேர்த்து வைப்பேன் என்று தன்னால் வாக்குக் கொடுக்க முடியாது, கொடுக்கவும் இல்லை என்றார். அவன் கோபம் நியாயமானது என்றும், அதை வெளியே போய் விழுங்காமல் இங்கேயே பேசலாம் என்றும் சொன்னார். அவன் எழுந்து கதவு வரை போனான். மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தான். இந்த முறை யாரும் கேட்காமலே அவள் சொன்னதைத் திருப்பிச் சொன்னான். கோபம் இல்லை. பாவமாக இருக்கிறது. பாசமாக இருக்கிறது. பொண்டாட்டியாக இருக்க முடியவில்லை. கடைசி வரிக்கு மூச்சு போதவில்லை. விட்டுவிட்டு எடுத்துச் சொல்லி முடித்தான்.

அவள் கிளம்புவதற்கு முன் மீதி இருந்த நான்கு சந்திப்புகளையும் பிரிவதற்காகவே செலவழித்தார்கள். உறவுக்காரர்களிடம் யார் சொல்வது, என்ன சொல்வது, வீட்டில் யார் இருப்பது. புள்ளி போன நாளன்று இருவரும் அந்த இடத்துக்கு ஒன்றாகப் போவது, வர முடியாவிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுவது. அவள் ரயில் ஏறிய மத்தியானம் அவன் பெட்டிகளை ஏற்றிக் கொடுத்தான். வெறும் வயிற்றோடு சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே என்றான். அவள் அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். வண்டி கிளம்பும் வரை இருவரும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.

அக்கா கேட்டுவிட்டு ஆடித் தீர்த்தாள். கண்டவர்களிடம் வீட்டு விஷயத்தைச் சொன்னதால் வந்த வினை, அந்தப் பொம்பளை குடும்பத்தைப் பிரித்துவிட்டாள் என்றாள். அவன் அக்காவை எதிர்த்துப் பேசி அறியாதவன்.

"அவங்க பிரிக்கலக்கா," என்றான். "நாங்க பிரிஞ்சு அஞ்சு வருஷமாச்சு. எங்களுக்குத் தெரியறதுக்கு இவ்வளவு நாளாயிருக்கு. குழந்தைய நான் தூக்கி வச்சிருந்தேன், உனக்குத் தெரியுமா?"

அக்காவுக்குத் தெரியாது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எதையாவது சொல்ல வாயெடுத்தாள். பிறகு சொல்லாமலே அவன் முதுகில் கை வைத்தாள்.

இப்போது அவன் தனியாகத்தான் ஆலோசகரிடம் போகிறான். முதல் நாள் மூன்றாவது நாற்காலியை அவர் அகற்றவில்லை. வேண்டுமா வேண்டாமா என்று அவனையே கேட்டார். இருக்கட்டும் என்றான். சில வாரம் பேசுகிறான். சில வாரம் ஐம்பது நிமிடமும் அழுகிறான். அவர் கூடவே உட்கார்ந்திருக்கிறார். தூக்கம் கொஞ்சம் வருகிறது. குழந்தை அழுதால் இப்போதும் மூச்சு அடைக்கிறது, ஆனால் அது என்ன என்று அவனுக்குத் தெரிகிறது.

போன மாதம் ஒரு சாயங்காலம், அவன் ஒரு அடுக்குமாடிக் கட்டிடத்தில் வேலை முடித்துப் படி இறங்கிக்கொண்டிருந்தபோது அவள் போன் செய்தாள். புது இடத்தில் கூட வேலை பார்க்கும் ஒருத்தி, உங்களுக்குக் குழந்தைகள் உண்டா என்று கேட்டாளாம். ஒரு பெண் இருந்தாள் என்று சொன்னாளாம். எப்படி இருப்பாள் என்று கேட்டதற்கு, நிறைய முடி, என் காது, நெற்றியைச் சுருக்குவாள் என்று தன்னால் சொல்ல முடிந்தது என்றாள்.

"நல்லா இருக்கியா?" என்று கேட்டான்.

"நல்லா இருக்கேங்க. நிஜமாத்தான்."

அவனுக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது. போனை வைத்தான். அது யார் வீட்டு வாசல் என்றுகூடப் பார்க்காமல் அந்தப் படியிலேயே உட்கார்ந்தான். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் அவனைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அழுத முகத்தை அவன் மறைத்துக்கொள்ளவில்லை.